யாருடைய ஒப்புதல்? தமிழ்நாட்டுப் புற்றுநோய் ஆய்வுகளில் நோயாளிகளின் பங்கேற்பு

1956ஆம் ஆண்டில் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வொன்று தொடங்கியது. சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுப்பதா, வீட்டிலேயே கொடுத்தால் போதுமா என்று அறிய, 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். அந்த ஆய்வு ஏழைகளின் வீட்டுப்படி ஏறிப் போனது. புற்றுநோய் ஆய்வோ நோயாளி தேடி வரட்டும் என்று நெடுங்காலம் மருத்துவமனைக்குள்ளேயே இருந்தது. 1980களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், மும்பை டாட்டா, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைகள் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துடன் சேர்ந்து ரத்தப் புற்றுநோய்க்குக் கையாண்ட எம்.சி.பி. 841 சிகிச்சை முறையும் அப்படித்தான். அது பல பிள்ளைகளைப் பிழைக்க வைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஊருக்குள் வந்த பெரிய புற்றுநோய் ஆய்வு, 2000இல் திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய கருப்பை வாய்ப் பரிசோதனை. குலுக்கலில் பிரிக்கப்பட்டது தனிப் பெண்கள் அல்லர், 114 ஊர்த் தொகுதிகள். அவற்றில் பாதி ஊர்களில், பயிற்சி பெற்ற செவிலியர் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தனர். மறுபாதிக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே. பரிசோதனைக்குத் தகுதியான 49,311 பெண்களில் வந்தவர்கள் 31,343 பேர். பரிசோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் லான்செட் இதழ் வெளியிட்டது. பரிசோதனையே கிடைக்காத மறுபாதிப் பெண்களைப் பற்றிய அறக்கேள்வி பின்னர் எழுந்தது; என் பார்வையில் அது நியாயமான கேள்வி. வீடு வீடாகப் போனாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் ஏன் வரவில்லை என்பதும் அதே அளவு ஆராயத்தக்கது.

ஒப்புதல் பற்றிய கேள்வி அண்டை மாநிலங்களிலும் எழுந்தது. கேரளத்தின் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப் புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்ட சேர்மத்துக்குத் தன் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லை என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2001இல் ஒப்புக்கொண்டது. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டத்தின் ஒப்புதல் படிவங்களுள் 2,763இல் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தனர். 2013இல் நாடாளுமன்றக் குழு அதைக் கண்டித்தது. அதே ஆண்டு, உச்ச நீதிமன்ற வழக்கின் விளைவாக, ஒப்புதல் பெறுவதைக் காணொலியில் பதிவுசெய்வது கட்டாயமானது. இரண்டே ஆண்டில் விதி தளர்ந்தது. 2019 விதிகளின்படியும் புதிய மூலக்கூறு மருந்துகளின் ஆய்வில், அதுவும் எளிதில் பாதிக்கப்படக்கூடியோர் சேரும்போது மட்டுமே அது கட்டாயம். பழைய மருந்துகளைப் புது அளவில் சேர்த்துப் பார்க்கும் எம்.சி.பி. 841 போன்ற ஆய்வு இந்த வட்டத்துக்குள் வராது.

இந்த விதிகள் ஊர்ப்புறத்தில் எங்கே தடுக்குகின்றன என்று ஓரிடத்தை வைத்துப் பார்க்கலாம். கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரம் ஒன்றியத்தில் தமிழ் பேசும் உழவர் குடும்பங்கள். பக்கத்திலுள்ள நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவன நகரியத்தில் தெலுங்கு, மலையாளம், இந்தி பேசுவோரும் உண்டு. பெரிய சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர் போவது இப்பகுதியில் வழக்கம். “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்” என்று மகன் தனியே வந்து கேட்டுக்கொள்வது தமிழ்க் குடும்பங்களில் அரிதல்ல. நோயின் பெயரையே மறைத்த பிறகு, அதே பெயர் அச்சிட்ட படிவத்தில் அப்பாவின் கைநாட்டை எப்படிப் பெறுவது? படிக்கத் தெரியாதவருக்குச் சார்பற்ற சாட்சி வேண்டும் என்கிறது விதி. குடும்பத்தின் இந்த மறைப்பை அது தொடவில்லை. 2009 முதல் பதிவு கட்டாயமாக்கப்பட்ட இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் நோய், மருந்து, பங்கேற்பாளர் எண்ணிக்கை எல்லாம் உண்டு. அவர்களின் தாய்மொழிக்கென்று ஒரு கட்டம் இல்லை. அதனால் கம்மாபுரத்து உழவரோ நகரியத்து ஒப்பந்தத் தொழிலாளரோ எத்தனை பேர் ஆய்வுகளில் சேர்ந்தார்கள் என்று அதைக்கொண்டு கணக்கிட வழியில்லை.