காதல் கடிதத்தின் வால்

2000-ம் வருடம், மே 4. வியாழக்கிழமை. ஆபீஸுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தவர்களுக்கு ஒரு மெயில் காத்திருந்தது. தலைப்பு, 'ஐ லவ் யூ'. அனுப்பியவர்? பக்கத்து சீட்காரர். சிலருக்கு மேனேஜர்! திறக்காமல் இருக்க முடியுமா, சொல்லுங்கள்.

கூடவே வந்த கோப்பின் பெயர் 'டிஎக்ஸ்டி' என்று முடிந்தது. வெறும் கடிதம்தானே என்று எல்லோரும் க்ளிக் செய்தார்கள். ஆனால், அதற்கும் பின்னால் 'விபிஎஸ்' என்று ஒரு வால் இருந்தது. தனக்குத் தெரிந்த வகைக் கோப்பு என்றால் வாலை மறைத்துவைப்பது விண்டோஸின் வழக்கம். வந்தது கடிதமே இல்லை, ஓடக்கூடிய ஸ்கிரிப்ட்!

இங்கே கொஞ்சம் முன்கதை வேண்டும். டாஸ் காலத்தில் கம்ப்யூட்டர் கண் விழித்ததும் 'ஆட்டோஎக்ஸெக்.பேட்' என்ற பேட்ச் ஃபைலைப் படித்து, அதில் சொன்னதைச் செய்யும். விண்டோஸ் 95 வந்தபோது முக்கால்வாசி செட்டிங்குகள் 'ரெஜிஸ்ட்ரி' என்ற பேரேட்டுக்குள் போய்விட்டன. ஐந்நூறு கம்ப்யூட்டர் உள்ள கம்பெனியில் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து பேரேட்டைத் திருத்த எந்த நிர்வாகியால் முடியும்? அதற்குத்தான் லாகின் ஸ்கிரிப்ட். ஊழியர் பாஸ்வேர்டு தட்டியதும் சர்வரிலிருக்கும் குட்டிக் கோப்பு ஓடி, திருத்திவிட்டுப் போய்விடும். அவர் பாட்டுக்கு டீ குடிக்கலாம்.

நல்ல வசதிதான். ஆனால் இந்த ஸ்கிரிப்டுகளை ஓட்டும் எந்திரத்தை விண்டோஸ் 98-லும் 2000-லும் யாரும் கேட்காமலே சேர்த்துக் கொடுத்திருந்தது மைக்ரோசாஃப்ட். வீட்டில் சீட்டு விளையாடுகிற ஆசாமிக்கு அது எதற்கு? என்னைக் கேட்டால், வாசல் திறந்தது அங்கேதான்.

காதல் கடிதம் செய்ததும் அதே நிர்வாகி வேலைதான். முதலில், ஸ்கிரிப்டுக்கு நேரக் கட்டுப்பாடு ஏதும் இருந்தால் அதை ரெஜிஸ்ட்ரியில் நீக்கியது. அடுத்து, தன்னை நகலெடுத்து, கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் தானும் எழும்படி 'ரன்' என்ற பகுதியில் பெயரைப் பதிந்துகொண்டது. பிறகு அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தன்னையே அனுப்பியது. ஒருவருக்கு இரண்டு தடவை போய்விடக் கூடாதே என்று, அனுப்பிய முகவரிகளையும் ரெஜிஸ்ட்ரியிலேயே குறித்து வைத்தது. என்ன பொறுப்பு! ஜேபெக் படங்களை அழித்து அந்த இடத்தில் தன்னை எழுதியது. எம்பி3 பாட்டுகளை மட்டும் அழிக்காமல் ஒளித்துவைத்தது.

பிரிட்டிஷ் பார்லிமென்ட் மெயிலை மூடியது. பென்டகனும் தப்பவில்லை.

தடம் போய் நின்ற இடம், மணிலாவில் ஓர் அடுக்குமாடி வீடு. ஒனெல் டி குஸ்மான், கம்ப்யூட்டர் கல்லூரி மாணவர். இன்டர்நெட் பாஸ்வேர்டுகளைத் திருடும் புரோகிராமைப் படிப்புக்கான ஆய்வாகச் சமர்ப்பித்தவர். கல்லூரி நிராகரித்துவிட்டது. காதல் கடிதமும் பாஸ்வேர்டு திருடும் இன்னொரு கோப்பை இறக்கப் பார்த்தது என்றால், சந்தேகம் வராமலா இருக்கும்?

பிடித்தாயிற்று. எந்தச் சட்டத்தில் போடுவது? பிலிப்பைன்ஸில் அப்போது வைரஸுக்கென்று சட்டமே இல்லை. ஜூனில் அவசரமாக ஒன்று வந்தது. ஆனால், மே மாதக் குற்றத்துக்கு ஜூன் மாதச் சட்டம் செல்லாது. ஆகஸ்டில் வழக்கு கைவிடப்பட்டது.

தான்தான் எழுதியதாக ஒனெல் வெகுகாலம் ஒப்புக்கொள்ளவே இல்லை. பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஜெஃப் ஒயிட் தேடிப் போனபோது, மணிலாவில் ஒரு சின்ன செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தார். அந்தப் பேட்டி 2020-ல் வெளியானது. 'நான்தான் எழுதினேன். இன்டர்நெட்டுக்குக் கட்டப் பணமில்லை, அடுத்தவர் பாஸ்வேர்டு தேவைப்பட்டது. இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை' என்கிற ரீதியில் ஒப்புக்கொண்டார்.