தக்காளிக்குள் காணாமல் போன பெட்டிகள்

மாரண்டஹள்ளியில் தக்காளிப் பெட்டிகளின் பக்கவாட்டில் பெயிண்டில் ஒரு எழுத்து இருக்கும். பாலக்கோடு மண்டிக்குப் போய் காலியாகத் திரும்பும் பெட்டிகளை அதை வைத்துத்தான் பிரிப்பார்கள். எங்களுடையது சிவப்பு 'கு'. பொறியியல் முடித்து பெங்களூரில் ஒரு கிடங்குக்கு மென்பொருள் எழுதப் போனேன். அங்கே ஆர்எஃப்ஐடி டேக் செய்ததும் அந்தச் சிவப்பு எழுத்தின் வேலைதான்.

இதன் தொடக்கம் போரில். இரண்டாம் உலகப்போரில், வருவது நம்ம விமானமா எதிரியுடையதா என்று ரேடாரால் சொல்ல முடியவில்லை. அலை பட்டதும் பதில் தரும் கருவியை பிரிட்டன் தன் விமானங்களில் பொருத்தியது. 1945இல் சோவியத் சிறுவர்கள் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்கு ஒரு மரச்சின்னம் பரிசளித்தார்கள். உள்ளே தெரெமின் செய்த ஒட்டுக்கேட்கும் கருவி. பேட்டரியே கிடையாது, வெளியிலிருந்து அலை பாய்ச்சினால்தான் உயிர் வரும். 1952 வரை தூதர் வீட்டுச் சுவரில் ஜம்மென்று தொங்கியது! நம் டேக்கும் அந்த வம்சம்தான்: ரீடரின் அலையிலிருந்தே மின்சக்தியை எடுத்து, அதே அலையை எதிரொலித்துத் தன் எண்ணைச் சொல்லும்.

2003இல் வால்மார்ட் தன் 100 பெரிய சப்ளையர்களை, 2005 ஜனவரிக்குள் பெட்டிகளில் டேக் ஒட்டச் சொன்னது. அதே 2005இல் இந்தியா 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் நம் லாரிகளின் ஃபாஸ்டாகைப் படிப்பதும் அந்த அலைதான்.

கண்ணாடி அந்த அலையை விட்டுவிடும். தண்ணீர் குடித்துவிடும். தக்காளியோ 94 சதவீதம் தண்ணீர். பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான், ஆனால் கோடு எழுதும்போது ஞாபகம் வரவில்லை.

ஒருநாள் 40 பெட்டி லோடில் 33தான் திரையில் வந்தது. நான் எழுதிய புரோகிராம் தானாகவே பற்றாக்குறை அறிக்கை அனுப்ப, இறக்கிய அண்ணனின் கூலியில் பிடித்துவிட்டார்கள். "நாப்பதும் இறக்குனேன் சார், நீங்களே எண்ணிப் பாத்திருக்கலாமே" என்றார். அதற்குள் சரக்கு வெளியே போய்விட்டது.

அடுத்த வாரம் இன்னொரு லோடை நானே கையால் எண்ணினேன். முழுசாக 40. ரீடரில் 34. அடுக்கின் நடுவிலிருந்த டேக்குகள் பேசவேயில்லை. டேக்கை வெளிப்பக்கம் மாற்றினோம், கையெண்ணிக்கை இல்லாமல் அறிக்கை போகாதபடி செய்தேன். பிடித்த பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். அதை வாங்க வந்ததோடு சரி, அந்த அண்ணன் மறுபடி வேலைக்கு வரவில்லை.