சீனத்தில் ஒரு சிவாலயம்

கோயில் இல்லாத ஊரிற் குடியிருத்தல் தகாது என்பது தமிழ் மக்களின் தொன்றுதொட்ட கொள்கை. திரைகடல் ஓடித் திரவியம் தேடச் சென்ற வணிகரும் அதனைக் கைவிட்டாரல்லர். சென்று தங்கிய இடத்திற் பண்டகசாலையோடு திருக்கோயிலும் அமைத்தனர். சீன தேசத்தின் தென்கிழக்குக் கரையில், ஃபூஜியான் மாகாணத்தில் உள்ள சுவான்சௌ என்னும் பெருநகரம் இதற்குச் சான்று பகர்கின்றது.

1087-ஆம் ஆண்டிற் சீன அரசர் இந்நகரிற் கடல்வாணிக அலுவலகம் ஒன்றை நிறுவினர். அது முதல் கீழ்த்திசைக் கடலின் தலைசிறந்த துறைமுகங்களுள் ஒன்றாக இது விளங்கிற்று. மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் போற்றிய சைத்தூன் பட்டினம் இதுவே. பத்தாம் நூற்றாண்டில் நகரை விரிவாக்கியபோது அதனைச் சூழ நட்ட சித்தோங் மரங்களால் அப்பெயர் வந்தது என்பர். நம் நாட்டில் வெற்றிலைக் கொடிக்கும் மிளகுக் கொடிக்கும் கொழுகொம்பாக நடும் கலியாண முருங்கையே அம்மரம். தமிழ் வணிகர் அந்நகரின் வாயிலிற் கண்டது தம் கொல்லையிற் செம்பூப் பூக்கும் மரத்தையே என்பது நினைந்து மகிழத்தக்கது.

இந்நகரின் வீதிகளில் நடப்போர் பல சமயங்களின் இருப்பிடங்களை அடுத்தடுத்துக் காண்பர். தெற்கு வாயிலருகே, மாலுமிகளைக் காக்கும் விண்ணரசியின் கோயில் உளது. அது 1196-இல் தோன்றியது. தூமென் வீதியில் 1009-இல் எழுந்து 1310-இற் புதுக்கப்பெற்ற பள்ளிவாசலின் கல் வாயில் இன்றும் ஓங்கி நிற்கின்றது. அதன் பக்கத்திலேயே சீன வீரர் குவான்யூவின் கோயில். சிறிது தொலைவிற் கன்பூசியர் கோயில். மேற்கு வீதியில் 686-இல் நிறுவப்பெற்ற காய்யுவான் பௌத்தப் பள்ளியும், 1228 முதல் 1250 வரை கருங்கல்லால் எழுப்பப்பெற்ற அதன் இரட்டைக் கோபுரங்களும் விளங்குகின்றன. வடக்கே சிங்யுவான் மலையடியில் லாவோத்சு முனிவர் பாறையில் வடித்த பேருருவாய் வீற்றிருக்கின்றார்.

அயல்நாட்டார் பெரிதும் வாழ்ந்தது நகரின் தென்பகுதி. இந்தியத் துறவி ஒருவர் 984-க்கும் 988-க்கும் இடையே கடல்வழி அங்கு வந்தார். வணிகர் போட்டியிட்டு அவருக்குப் பொன்னும் மணியும் வழங்கினர். அவர் அவற்றுள் எதனையும் தமக்கென வையாது, தென்பகுதியில் நிலம் வாங்கிப் பௌத்த விகாரம் ஒன்று கட்டினார். இதனை 1225-இல் எழுந்த சீன நூல் கூறுகின்றது. பிறர் தந்த பொருளைப் பொதுவறத்திற்கே ஆக்கும் நெறி எந்நாட்டிலும் ஒன்றே போலும்.

இத்தகைய நகரிலேதான் சிவபெருமானுக்கும் ஆலயம் எழுந்தது. தமிழெழுத்துப் பொறித்த கல் ஒன்று 1956-இல் அங்குக் கிடைத்தது. சகாப்தம் 1203, அதாவது கி.பி. 1281, சித்திரைத் திங்கட் சித்திரை நாளில், தவச்சக்கரவர்த்திகள் சம்பந்தப் பெருமாள் என்பார் சீன வேந்தராகிய கானின் ஆணை பெற்று, அவர் உடல் நலத்தின்பொருட்டு இறைவனை எழுந்தருளுவித்தார் என்பது அதன் செய்தி. இறைவன் திருப்பெயரைத் திருக்கானீச்சுரம் உடைய நாயனார் என்று அறிஞர் சிலர் படிப்பர். கல்லின் இறுதி வரி சீன எழுத்தில் உள்ளது. அக்காலத்து வேந்தர் குப்ளாய்கான். வேற்று மொழியும் வேற்றுச் சமயமும் உடைய அரசரின் நலம் வேண்டிச் சைவர் வழிபாடு நிகழ்த்தினர். அரசரும் அதற்கு இசைவு அளித்தனர். இருபாலாரின் பெருந்தன்மையும் போற்றத்தக்கது.

அத்திருக்கோயில் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1357 முதல் 1366 வரை பாரசீகப் படைவீரர் எழுப்பிய கலகத்தால் நகரம் அலைவுற்றது. 1368-இற் கானின் மரபும் வீழ்ந்தது. அயல்வணிகர் நகரை விட்டு நீங்கினர். இக்காலத்தை ஒட்டியே ஆலயம் சிதைந்தது என்று அறிஞர் கருதுவர். அதன் கற்கள் மதிலிலும் பிற கட்டடங்களிலும் சென்று சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது அவற்றுட் பல வெளிப்பட்டன.

அக்கற்கள் சென்ற இடங்களே வியப்பளிப்பன. காய்யுவான் பள்ளிப் பெருமண்டபத்தின் பின்புறத்தில் பதினாறு பட்டையுள்ள தூண்கள் இரண்டு நிற்கின்றன. நரசிங்கர் வடிவும் கண்ணபிரான் திருவிளையாடல்களும் அவற்றில் உள. விண்ணரசி கோயிலிலும் அவற்றை ஒத்த தூண்கள் இரண்டு உண்டு. யானை சிவலிங்கத்தை வழிபடும் சிற்பமும், பசு இலிங்கத்தின்மேற் பால் சொரியும் சிற்பமும் இந்நகரிற் கிடைத்துள்ளன. திருவானைக்காவின் தலவரலாறு அறிந்தோர்க்கு முன்னதன் பொருளை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நகருக்குத் தெற்கே சிதியன் என்னும் சிற்றூரில், நான்கு கரங்களோடு கூடிய தேவி வடிவம் ஒன்றை, அவ்வூரார் தம் கருணைத் தெய்வமாகிய குவான்யின் எனக் கொண்டு, ஊதுவத்தி ஏற்றி வழிபட்டு வருகின்றனர்.

இங்கே சிந்திக்கற்பாலது ஒன்று உண்டு. திருக்கானீச்சுரத்திற்கு அரசாணை இருந்தது, பொருள் இருந்தது, கைதேர்ந்த சிற்பியர் இருந்தனர். நூறாண்டு நிறைவதற்குள் அது வழிபாடு இழந்தது. திருவிளக்கு ஏற்றுவார் அற்றமையே அதன் குறை. சிதியன் ஊர்த் தேவிக்கோ கோபுரம் இல்லை, பழம்பெயரும் இல்லை. ஆயினும் அன்புடையார் சிலர் நாடோறும் வருதலால் அவ்வடிவம் இன்றளவும் தெய்வமாகவே விளங்குகின்றது. கற்களை அருங்காட்சியகமும் காக்கும். 1959-இற் சுவான்சௌவில் நிறுவப்பெற்ற கடல் வரலாற்று அருங்காட்சியகம் அப்பணியைச் செய்கின்றது. 2021-இல் இந்நகரின் 22 இடங்கள் உலக மரபுச் செல்வம் என ஏற்கப்பெற்றன. ஆலயத்தை ஆலயமாகக் காப்பது வழிபடுவோரின் அன்பு ஒன்றே.

திருப்பணி செய்தலும் குடமுழுக்கு நிகழ்த்துதலும் பெரும்பேறு. அதன்பின் ஆறு காலமும் மணி ஒலிக்கவும், மாலைதோறும் விளக்கு எரியவும், இளஞ்சிறார் பெற்றோரின் கைப்பற்றிச் சந்நிதிக்கு வரவும் ஏற்பாடு செய்தல் அதனினும் பெரிது. சுவான்சௌ நகரத்துக் கற்கள் எழுநூறு ஆண்டுகளாக உரைத்து நிற்பது இதுவே.