கொழும்புத்துறைக்கு வந்த புதிய படங்கள்

இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் தமிழ்க் கடைகளின் கண்ணாடிக் கதவுகளில் 'இம்மாதப் புதிய படங்கள்' என்ற பட்டியல் ஒட்டப்பட்டிருந்த காலம் ஒன்றிருந்தது. அரிசி மூட்டைக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவே வீடியோக் கசெற்றுகள் அடுக்கப்பட்டிருக்கும். வார இறுதியில் அவற்றை இரவல் எடுத்துச் செல்லாத வீடு குறைவு. அந்தப் பட்டியலுக்கு ஊரிலும் ஓர் உடன்பிறப்பு இருந்தது என்பதை இன்றைய தலைமுறை அறியாது. கொழும்புத்துறையில் எங்கள் சந்திக் கடையின் முன்னால் தொங்கிய கரும்பலகையைத்தான் சொல்கிறேன். வெண்கட்டியால் மூன்று நான்கு படப் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதை வாசித்துவிட்டே வீட்டுக்குப் போவோம்.

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே, கடல்நீரேரிக் கரையில் அமைந்த ஊர் கொழும்புத்துறை. வெளியூரவர்க்கு யோகர் சுவாமிகள் வாழ்ந்த இடம் என்பதாலேயே இதன் பெயர் தெரிந்திருக்கும். ஊரில் படமாளிகை கிடையாது. படம் பார்ப்பதென்றால் சைக்கிளை மிதித்து நகருக்குப் போகவேண்டும். வின்சர், ராஜா, மனோகரா, ரீகல், லிடோ, ஸ்ரீதர் என்று படமாளிகைகளுக்கு அங்கே குறைவில்லை. குறைவாயிருந்தது படங்களின் புதுமைதான். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் செயற்படத் தொடங்கியபின், இந்தியப் படங்களின் இறக்குமதி அதன் கைக்குள் அடங்கியது. உள்நாட்டுத் திரைப்படத்தை வளர்ப்பதும் அந்நியச் செலாவணியைச் சேமிப்பதும் நோக்கம். நோக்கத்தில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் சென்னையில் வெளியான படம் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர ஆண்டுகள் சென்றன.

இந்த இடைவெளியில்தான் வீடியோ நுழைந்தது. 1976இல் யப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். முறையை அறிமுகப்படுத்தியது. 1977இல் இலங்கையில் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது. 1982 பெப்ரவரியில் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது தொலைக்காட்சிப் பெட்டியையும் 'டெக்'கையும் கொண்டுவந்தார்கள். மூன்று மணிநேரம் ஓடும் ஒரு கசெற்றுக்குள் ஒரு தமிழ்ப்படம் பாட்டுகளோடு முழுமையாக அடங்கியது. சிங்கப்பூரிலிருந்தும் இலண்டனிலிருந்தும் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து இரவுத் தபால் புகையிரதத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தவை சில. பாக்குநீரிணையைப் படகில் கடந்தவையும் உண்டு என்பது ஊரறிந்த இரகசியம். ஆண்டுக்கணக்கு வாரக்கணக்காகச் சுருங்கியது.

வந்தவற்றில் பெரும்பாலானவை உரிமம் பெறாத பிரதிகள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து இன்னொரு பிரதி எனப் போகப்போக நாயகியின் முகம் கரைந்து, நிறம் ஒழுகி, ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ஆகவே கடைக்காரரிடம் கேட்கப்படும் முதற்கேள்வி 'என்ன படம்?' என்பதன்று, 'நல்ல கொப்பியோ?' என்பதே.

திருமணம், பூப்புனித நீராட்டு, கோயில் திருவிழா என்று ஏதேனும் ஒரு காரணம் போதும். டெக்கும் பெட்டியும் வாடகைக்கு வரும். முற்றத்தில் பாய் விரிக்கப்படும். ஓர் இரவுக்கு மூன்று படங்கள். முதற்படத்துக்கு ஊர் முழுவதும் விழித்திருக்கும். இரண்டாவதில் சிறுவர்கள் உறங்கிப்போவார்கள். மூன்றாவது முடியும்போது கடலுக்குப் போனவர்கள் கரை திரும்பிக்கொண்டிருப்பார்கள். படமாளிகைக்குப் போக அனுமதி கிடைக்காத பெண்களும், நடக்க இயலாத முதியவர்களும் முதன்முறையாகப் புதிய படங்களைப் பார்த்தது இந்த முற்றங்களில்தான். வீடியோ செய்த சமூக மாற்றம் என்று ஒன்றைச் சொல்வதானால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளும் மின்கலமும் தடைப்பட்ட பொருட்களாயின. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. ஆனால் டெக்குக்கு டைனமோ போதாது. சிறிய ஜெனரேற்றர்களைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓடவிடும் வித்தையை எங்கள் பொடியன்கள் கற்றுக்கொண்டார்கள். விளக்குக்கே மண்ணெண்ணெய் அளந்து ஊற்றிய நாட்களில், ஓர் இரவுப் படத்துக்கு அயலெல்லாம் பங்கு போட்டது. கட்டணம் வாங்கிப் படம் காட்டிய கொட்டில்களுக்கு 'மினி சினிமா' என்று பெயர். எந்தப் படத்தைக் காட்டலாம் என்பதில் அன்று குடாநாட்டை ஆண்ட விடுதலைப் புலிகளின் கட்டுப்பாடுகளும் இருந்தன. கதையின் உச்சத்தில் எண்ணெய் தீர்ந்து திரை இருண்டுவிட, முடிவை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு வீடு திரும்பிய இரவுகளை மறக்க முடியவில்லை.

இவ்வளவும் வந்துபோன சினிமாவின் கதை. டெக் இன்னொன்றையும் செய்தது. அது எங்களையே எங்களுக்குக் காட்டியது. எண்பதுகளின் நடுப்பகுதியில் வீடியோப் படப்பிடிப்பாளர் இல்லாத திருமணம் அரிதாயிற்று. பிள்ளைகள் வெளிநாடு போகப் போக, அக்கசெற்றுகளும் அவர்களைத் தொடர்ந்து போயின. மகனின் திருமணத்தைக் கனடாவில் நடத்தி, பெற்றோர் பார்க்கட்டும் என்று அனுப்பிய கசெற் ஊரில் ஓடாத கதைகள் பல. கனடாவில் என்.ரி.எஸ்.சி. முறை, இலங்கையில் பி.ஏ.எல். முறை, பிரான்சில் சீகாம் முறை. மருமகளின் முகத்தைப் பார்க்கக் காத்திருந்த தாய்க்கு, நெளியும் கோடுகளே தெரிந்தன. முறை மாற்றித் தரும் கடையைத் தேடிக் கசெற் மறுபடி பயணப்படும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. எங்கள் குடும்பமும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. அடையாள அட்டைகள், காணி உறுதிகள், ஒரு சாக்கு அரிசி, அம்மாவின் மருந்து என்று எடுத்தவற்றுள், 1986இல் நடந்த அக்காவின் திருமணக் கசெற் இருக்கவில்லை. அலமாரியில் அது புதிய படங்களோடு ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தது. மறுவாரம் திரும்பிவிடுவோம் என்ற எண்ணம். திரும்பியது 1996 மே மாதத்தில். கதவு இல்லை. பின்வளவில் கசெற்றுகள் உடைந்து, கரிய நாடா முள்வேலியில் குலைகுலையாகச் சிக்கிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எது திரைப்படம், எது திருமணம் என்று பிரித்தறிய வழியில்லை.

திரைப்படங்கள் திரும்பி வந்தன. 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏ9 பாதை திறந்தபோது வி.சி.டி. தட்டுகள் மலிந்து கிடந்தன, பிறகு டி.வி.டி. 2015 மார்ச்சில் இயக்குநர் சேரன் தம் படமொன்றை நேரடியாக டி.வி.டி.யாகவே வீடுகளுக்கு அனுப்ப முயன்றார். 2016 யூலையில் யப்பானின் பூனாய் நிறுவனம் டெக் உற்பத்தியை நிறுத்தியது. 2020 மே மாதத்தில் 'பொன்மகள் வந்தாள்' படமாளிகையைத் தொடாமலே இணையவழி வெளியானது. இன்று அதே கொழும்புத்துறையில், புதிய படங்களின் பட்டியல் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிடுகிறது. கரும்பலகை இருந்த இடம் தெரியவில்லை.

அப்பா 1999இல் காலமானார். அவர் நடந்து, பேசி, சிரித்த காட்சி அந்த ஒரு கசெற்றில் மட்டுமே இருந்தது. பல ஆண்டுகளின் பின் இலண்டனில் மாமா வீட்டை ஒழுங்குபடுத்தியபோது, 1986இல் அவருக்கு அனுப்பிய பிரதி கிடைத்தது. நாடாவின் ஓரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. துப்புரவாக்கிக் கணினிக்கு மாற்றியபோது நாற்பது நிமிடங்கள் தேறின. அப்பா பந்தல் வாசலில் நின்று எல்லோரையும் 'வாங்கோ, வாங்கோ' என்கிறார். அவருக்குப் பின்னால் எங்கள் ஒழுங்கை, போரில் இல்லாமற்போன நான்கு வீடுகள், பின்னாளில் தறிக்கப்பட்ட பெரிய வேப்பமரம். வந்தவர்களுள் பதின்மூன்று பேரை நான் எண்ணினேன், இன்று இல்லாதவர்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நிலவறைகளிலும் கராஜ்களிலும் பழைய கசெற்றுகள் இருக்கக்கூடும். காந்த நாடாவின் ஆயுள் இரண்டு மூன்று தசாப்தங்கள் என்பர். எண்பதுகளின் நாடாக்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. அவற்றிலுள்ள திரைப்படங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை எங்காவது இருக்கும். அட்டையில் பேனையால் 'கலியாணம்', 'செத்தவீடு', 'திருவிழா' என்று எழுதப்பட்டவற்றை மட்டும் தேடி எடுங்கள். ஓடும் டெக் ஒன்று கிடைக்கும்போதே எண்ணிமப்படுத்துங்கள். ஒரு பிரதியை ஊரிலுள்ள உறவுகளுக்கும் அனுப்புங்கள். உங்கள் மாமியின் திருமணத்தில், சட்டகத்தின் ஓரத்தில் நிற்கும் ஒருவர் வேறொரு வீட்டுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே உருவமாக இருக்கலாம்.