விளக்கடியில் கற்ற எழுத்து

எழுத்தறிவு என்றதும் பள்ளிக்கூடமே நம் நினைவுக்கு வருகிறது. கரும்பலகை, பாடநூல், ஆசிரியர் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் எழுத்து வளராது என்று, ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளிலிருந்து நானும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை அசைத்தது கானடாவின் வடகோடியில் வாழும் இனூயிட் மக்களின் வரலாறு. நம் பழைய பாடநூல்கள் எஸ்கிமோக்கள் என்று குறிப்பிட்டவர்கள் இவர்களே. 'இனூயிட்' என்ற சொல்லுக்கு அவர்கள் மொழியில் 'மக்கள்' என்பது பொருள்.

இவர்களுடைய இனுக்டிடுட் மொழிக்கு முற்காலத்தில் எழுத்து இல்லை. ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் 1840ஆம் ஆண்டளவில் கிரீ என்னும் பழங்குடியினருக்காக ஓர் அசையெழுத்து முறையை வகுத்தார். பின்வந்த சமயத் தொண்டர்கள் அதனை இனுக்டிடுட்டுக்கு ஏற்பத் திருத்தினர். 1876இல் ஹட்சன் விரிகுடாக் கரைக்கு வந்த எட்மண்ட் பெக் அதனைப் பெரிதும் பரப்பினார். அம்மொழியில் அ, இ, உ என்னும் மூன்று உயிர்களே உண்டு. நாம் மெய்யோடு காலும் கொம்பும் சேர்த்து உயிர்மெய் எழுதுகிறோம்; அவர்களோ மெய்யின் வடிவத்தையே திருப்பி வைக்கின்றனர். ஒரு கோணத்தின் முனை மேல்நோக்கினால் 'பி'. வலப்புறம் நோக்கினால் 'பு'. இடப்புறம் நோக்கினால் 'ப'.

பாதிரிமார் மிகச் சிலர், பனிப்பரப்போ எல்லையற்றது. ஆதலின் எழுத்தைப் பரப்பும் பணியைக் குடும்பங்களே ஏற்றுக்கொண்டன. கடல்நாய்க் கொழுப்பு எரியும் கல்விளக்கின் அருகே பெற்றோரிடமும் பாட்டியிடமும் பிள்ளைகள் கற்றனர். ஒரு முகாமில் கற்றவர் அதனை மறு முகாமுக்குக் கொண்டு சென்றார். அரசினர் பள்ளிகள் எழுவதற்கு முன்பே, கிழக்கு ஆர்க்டிக் பகுதியில் பெரும்பாலோர் தம் மொழியில் படிக்கவும் எழுதவும் அறிந்திருந்தனர்.

அவர்களுள் பலர் தெற்கத்திய நகரங்களை முதன்முதலாகக் கண்டது நோயாளிகளாகத்தான். 1950ஆம் ஆண்டு முதல் 'சி. டி. ஹவ்' என்ற அரசினர் கப்பல் வடகடல் ஊர்களுக்குச் சென்று, மக்களுக்குக் காசநோய்ச் சோதனை நடத்தியது. நோய் கண்டவர்களுள் பலர், கரையில் நின்ற உறவினரிடம் விடைபெறவும் வழியின்றி, அப்படியே கொண்டு செல்லப்பட்டனர். 1956இல் இனூயிட் மக்களில் ஏழு பேரில் ஒருவர் தெற்கத்திய மருத்துவமனைகளில் இருந்தனர் என்றால், பிரிவின் அளவை உணரலாம். அந்நாளில் அவர்களுக்குத் துணை நின்றது விளக்கடியில் கற்ற எழுத்தே. ஹாமில்ட்டன் நகரில் படுத்திருந்த தாய், தன் கைப்பட அசையெழுத்தில் கடிதம் எழுதினாள். பல மாதங்கள் கழிந்தேனும் அது பனிநாட்டைச் சென்றடைந்தது. எழுத்தறியாத சிறு பிள்ளைகளின் நிலை வேறு. மருத்துவமனையில் சில ஆண்டுகள் கழித்து வீடு திரும்பியபோது, பெற்றோரோடு பேச அவர்களிடம் மொழி எஞ்சியிருக்கவில்லை. காசநோயாளிகளை நடத்திய முறைக்காகக் கானடாவின் பிரதமர் 2019இல் மன்னிப்புக் கோரினார்.

அதே ஐம்பதுகளில் அரசினர் பள்ளிகளும் விடுதிகளும் பெருகின. அங்கே ஆங்கிலமே மொழி. தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். விடுதிப் பள்ளிகளில் இழைத்த தீங்குக்காக அரசாங்கம் 2008இல் மன்னிப்புக் கேட்டது. எழுத்தைக் கொடுக்க வந்த பள்ளிக்கூடம், வீட்டில் ஏற்கெனவே இருந்த எழுத்தைப் பறித்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் இளம் ஆசிரியனாயிருந்தபோது, ஆங்கில வழி வகுப்பில் தமிழ் பேசிய பிள்ளைகளிடம் தண்டக் காசு வாங்கும் வழக்கம் இருந்தது. நானும் வாங்கினேன், அவர்கள் நன்மைக்கென்று எண்ணியே வாங்கினேன். வடபுலத்தில் நடந்த கொடுமைகளோடு இதனை ஒப்பிடலாகாது. எனினும், வீட்டு மொழி கல்விக்குத் தடை என்ற எண்ணம் இரண்டு இடங்களிலும் ஒன்றுதான்.

இன்று மருத்துவம், மேற்படிப்பு, வேலை, வீட்டுவசதி ஆகியவற்றை நாடி இனூயிட் குடும்பங்கள் நகரங்களுக்கு வருகின்றன. 2021ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி கானடாவில் இனூயிட் மக்கள் 70,545 பேர். அவர்களில் நூற்றுக்கு முப்பதுக்கும் மேற்பட்டோர் தாயகப் பகுதிகளுக்கு வெளியே வாழ்ந்தனர். 2016ஆம் ஆண்டுக் கணக்கில், தாயகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 84 பேர் தம் மொழியில் உரையாட வல்லவர். வெளியே ஏறத்தாழ 11 பேரே.

இந்த வீழ்ச்சியில் சொற்களோடு உறவுகளும் மறைகின்றன. இறந்த பெரியவரின் பெயரைக் குழந்தைக்கு இட்டு, அப்பெரியவருக்குரிய முறைசொல்லாலேயே குழந்தையை அழைப்பது அவர்கள் மரபு. தன் தாயின் பெயரைத் தாங்கிய பேத்தியைப் பாட்டி 'அம்மா' என்றே விளிப்பாள். பாட்டன் பெயரைத் தாங்குபவனைப் 'பெயரன்' என்று சொன்ன நமக்கு இதன் அருமை விளங்காமற்போகாது. ஆங்கிலம் மட்டும் அறிந்த பேத்திக்கு அந்த 'அம்மா' வெறும் ஒலியாகிவிடும்.

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. ஒட்டாவா நகரில் 2005இல் இனூயிட் குழந்தைகளுக்கென ஒரு மையம் தோன்றியது. அதனோடு இணைந்து ஓர் இனூயிட் கல்வியாளர் தொடங்கிவைத்த குடும்ப எழுத்தறிவுப் பணி, பாடநூலை விடுத்துப் பொருள்களையும் உணவையும் கொண்டு நடந்தது. தாயகத்து உணவையும் வீட்டில் புழங்கிய பொருள்களையும் நடுவில் வைத்தால், பெரியவர்களுக்குக் கதை நினைவு வரும். கதையோடு சொல் வரும். சொல்லைப் பின் எழுதலாம். மொழியைப் பாதி மறந்த பெற்றோரும் இவ்வாறு பிள்ளைகளோடு சேர்ந்து கற்க முடிகிறது. இடர்கள் இல்லாமலில்லை. ஒருவர் வட்டார வழக்கு மற்றவருக்குப் புதிது. சிலர் அசையெழுத்தும் சிலர் உரோமன் எழுத்தும் பயின்றவர்கள். அசையெழுத்தை விலக்காமலே, பொதுவான உரோமன் எழுத்து முறை ஒன்றினை அவர்களுடைய தேசிய அமைப்பு 2019இல் ஏற்றது.

கல்விளக்கின் இடத்தில் இன்று மின்விளக்கு எரிகிறது. ஆயினும் கற்பிக்கும் முறை பழையதே. பள்ளி அதற்குத் துணை நிற்கலாம்; அதன் இடத்தைப் பிடிக்கலாகாது. தண்டக் காசு வாங்கிய கையால் இதனை எழுதுகிறேன். ஆங்கில வழியில் படிக்கும் என் பேத்தி, ஊரிலுள்ள தன் பெரிய பாட்டிக்குத் தமிழில் மாதம் ஒரு கடிதம் எழுதுகிறாள். பிழைகள் மலிந்த கடிதங்கள்தாம். அவற்றை நான் திருத்துவதில்லை.