சியாப்பாஸ் மலைநகரின் காப்பிக் கடைகள்

மெக்சிகோ நாட்டின் தென்கோடியில், குவாத்தமாலா எல்லையை ஒட்டி, சியாப்பாஸ் என்னும் மாநிலம் உள்ளது. அதன் மேட்டுநிலத்தில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், பைன் மரக் காடுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கொன்றில் அமைந்திருப்பது சான் கிறிஸ்தோபல் தெ லாஸ் காசாஸ் என்னும் பழைய நகரம். 1528ஆம் ஆண்டில் தியேகோ தெ மசாரியேகோஸ் என்னும் ஸ்பானியத் தளபதி இதனை நிறுவினான். ஓட்டுக் கூரை வேய்ந்த வீடுகள், வீட்டின் நடுவே முற்றம், கல் பாவிய குறுகிய தெருக்கள் என அக்காலத் தோற்றம் பெரிதும் மாறாமல் நிற்கும் நகர் இது. இங்குச் செல்லும் பயணியர் முதலில் தேடுவனவற்றுள் ஒன்று நல்ல காப்பிக் கடை. அதிகம் தேட வேண்டியதில்லை. நடுச் சதுக்கத்திலிருந்து ரெயால் தெ குவாதலூப்பே தெருவில் கிழக்கு நோக்கி நடந்தால், காப்பிக் கொட்டை வறுபடும் மணமே வழிகாட்டும். ஆனால் அக்கடைகளுள் நல்ல கடை எது என்பதை நாவைக் கொண்டு மட்டும் முடிவு செய்துவிட இயலாது. கோப்பையில் இருப்பதை விளைவித்தவர் யார், ஏந்தி வந்தவர் யார், அமர்ந்து பருகியவர் யார் என்று கேட்குமிடத்து, அந்நகரின் வரலாறே விரியத் தொடங்குகிறது.

காப்பி வருமுன் இந்நகரின் பானம் சாக்லேட். பசிபிக் கரையோரத்துச் சொக்கொனுஸ்கோ நிலப்பகுதியில் விளைந்த கொக்கோவை அஸ்டெக் பேரரசர்கள் திறைப்பொருளாகவே பெற்றனர். ஸ்பானியர் வந்தபின், சர்க்கரையும் இலவங்கப்பட்டையும் சேர்த்துச் சூடாகப் பருகும் வழக்கம் பரவியது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு வந்து தங்கிய தாமஸ் கேஜ் என்னும் ஆங்கிலத் துறவி, 1648இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். அந்நாளில் சியுதாத் ரெயால் எனப்பட்ட இந்நகரின் செல்வச் சீமாட்டியர், தங்களுக்கு வயிறு நலிவுடையது என்று காரணம் காட்டி, ஆலய வழிபாட்டின் நடுவிலேயே சாக்லேட் பருகி வந்தனராம். பணிப்பெண்கள் சுடச்சுடக் கோப்பைகளை ஏந்திக்கொண்டு உள்ளே வருவதும் போவதுமாக இருந்தனர். ஆயர் பெர்னார்தினோ தெ சலசார் இதனைத் தடை செய்து, மீறுவோர் திருச்சபையினின்று நீக்கப்படுவர் என ஆலய வாயிலில் அறிவிப்பு எழுதி வைத்தார். சீமாட்டியர் பேராலயத்தைக் கைவிட்டு மடாலயக் கோவில்களுக்குச் சென்றனர். பின்னர் ஆயர் நோயுற்று மாண்டார். அவர் பருகிய சாக்லேட்டில் நஞ்சு கலந்திருந்ததென ஊரார் பேசிக்கொண்டனர்.

கேஜ் பின்னாளில் கத்தோலிக்க நெறியைத் துறந்தவர். புராட்டஸ்டண்டு இங்கிலாந்துக்காக நூல் எழுதியவர். எனவே அவர் கூற்று முழுவதையும் சான்றாகக் கொள்வதற்கில்லை. நஞ்சு பற்றிய செய்தி வதந்தியாகவே இருக்கலாம். ஆயினும் கோப்பையை ஏந்தி வந்த அப்பெண்களை இங்கு நினைவில் கொள்ளல் தகும். ஆயரின் பெயர் நிலைத்தது. சீமாட்டியரின் பிடிவாதமும் நிலைத்தது. பணிப்பெண்களின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை.

நகரின் இன்றைய பெயரிலும் ஒரு முரண் உண்டு. 1545இல் இங்கு ஆயராக வந்தவர் பார்த்தொலோமே தெ லாஸ் காசாஸ். பூர்வகுடி மக்களை அடிமைகளாக வைத்திருந்தோர்க்குப் பாவமன்னிப்பு வழங்கலாகாது என்றார் அவர். குடியேறிய ஸ்பானியர் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டிலேயே அவர் வெளியேற நேர்ந்தது. அவரைத் துரத்திய நகரமே 1848இல் அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது.

காப்பிச் செடி சியாப்பாஸ் மண்ணில் வேரூன்றியது 1840களில். குவாத்தமாலாவிலிருந்து வந்த நாற்றுகள் சொக்கொனுஸ்கோவில் நடப்பட்டன. 1880களுக்குப் பின் ஜெர்மானிய முதலாளிகள் அங்குப் பெருந்தோட்டங்களை அமைத்தனர். மண் இருந்தது, மழை இருந்தது, ஆள்தான் இல்லை. ஆட்களோ மலைமேல் இருந்தனர். சோத்சில், செல்தால் மொழி பேசும் மாயா இனத்தார், சான் கிறிஸ்தோபலைச் சுற்றிய சிற்றூர்களில் வறிய நிலத்தில் சோளம் பயிரிட்டு வாழ்ந்தனர். ஆகவே ஆள்பிடிப்போர் இந்நகரில் தளம் அமைத்தனர். திருவிழாவுக்கும் சாராயத்துக்கும் முன்பணம் கொடுத்தனர். வாங்கியவன் தோட்டத்துக்குப் பல நாள் நடந்து சென்று கடன் தீரும்வரை உழைக்க வேண்டும். கடன் எளிதில் தீர்வதில்லை. இம்முறைக்கு ஸ்பானிய மொழியில் ‘எங்கஞ்சே’ என்று பெயர். கொக்கியில் மாட்டுதல் என்பது அதன் பொருள். அதே காலத்தில் மலாயாவில் ரப்பருக்கு முன் காப்பியே பயிரிடப்பட்டது என்பதையும், அத்தோட்டங்களுக்கும் கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு தமிழர் கப்பலேறினர் என்பதையும் அறிந்தோர்க்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை.

1914 அக்டோபரில், புரட்சிப் படையினர் பிறப்பித்த தொழிலாளர் சட்டம் சியாப்பாஸில் கடன் அடிமை முறையை ஒழித்தது. ஏட்டில் ஒழித்தது என்பதே பொருந்தும். நிலக்கிழார்கள் அதனை எதிர்த்து ஆயுதம் ஏந்தினர். நகருக்குள்ளோ நிலைமை இன்னும் மெதுவாகவே மாறியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, பூர்வகுடியினர் சான் கிறிஸ்தோபலின் நடைபாதையில் நடத்தலாகாது. எதிரே ஸ்பானிய வழியினர் வந்தால் தெருவில் இறங்கிவிட வேண்டும். மலையிலிருந்து சுமை கொண்டுவரும் பெண்களை நகர எல்லையில் வழிமறித்துப் பொருளைப் பறித்துக்கொண்டு, எதையோ விலையென எறிவதையே தொழிலாகக் கொண்ட மாதரும் இருந்தனர். ரொசாரியோ காஸ்தெல்லானோஸ் 1960இல் வெளியிட்ட ‘சியுதாத் ரெயால்’ என்னும் சிறுகதைத் தொகுதியில் அத்தகைய ஒருத்தியை நாம் காணலாம். நடைபாதைக்கே இடமில்லாதவர்க்குக் காப்பிக் கடையில் நாற்காலி ஏது?

நிலச் சீர்திருத்தத்துக்குப் பின் மலைமக்கள் பலர் தத்தம் சிறு நிலங்களில் காப்பி பயிரிடலாயினர். 1958இல் அமைந்த மெக்சிகோ காப்பிக் கழகம் அவர்களிடம் கொள்முதல் செய்தது. 1989இல் உலகக் காப்பி ஒப்பந்தத்தின் பங்கீட்டு முறை குலைந்தது. விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. கழகமும் படிப்படியாகக் கலைக்கப்பட்டது. ஓர் ஏக்கர், ஈரேக்கர் வைத்திருந்தவன் இடைத்தரகனின் தராசுக்கே திரும்பினான். 1994 சனவரி முதல் நாள் ஆயுதம் தாங்கிய பூர்வகுடியினர் சான் கிறிஸ்தோபல் நகர மன்றத்தைக் கைப்பற்றியதற்குக் காரணங்கள் பல. காப்பி விலையின் வீழ்ச்சி அவற்றுள் சிறியதன்று. அக்கிளர்ச்சிக்குப்பின் செய்தியாளரும் தொண்டரும் பயணியரும் உலகெங்கிலுமிருந்து வந்து குவிந்தனர். காப்பிக் கடைகளும் பெருகின. விந்தைதான்.

1997 டிசம்பர் 22ஆம் நாள், செனல்ஓ வட்டாரத்தைச் சேர்ந்த ஆக்தெயால் என்னும் சிற்றூரில் வழிபாட்டில் இருந்த 45 பேரை ஆயுதக் குழுவினர் சுட்டுக் கொன்றனர். மாண்டவருள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். அவர்கள் ‘தேனீக்கள்’ என்னும், வன்முறையை மறுத்த அமைப்பினர். அது காப்பி அறுவடைக் காலம். வீடிழந்து ஓடியவர்கள் தம் செடியில் பழுத்ததைப் பறிக்கவும் இயலாது முகாம்களில் இருந்தனர். அவ்வமைப்பைச் சார்ந்த விவசாயிகளே 1999இல் ‘மாயா வினிக்’ என்னும் கூட்டுறவைத் தோற்றுவித்தனர். தரகரை விலக்கித் தாமே கொட்டையை உலர்த்தி, தரம் பிரித்து, வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்தனர். சான் கிறிஸ்தோபலில் தம் பெயரிலேயே ஒரு காப்பிக் கடையையும் திறந்தனர். இலவங்கப்பட்டையும் வெல்லமும் இட்டு மட்பானையில் காய்ச்சும் நாட்டுக் காப்பி வேண்டுவோர்க்கு நகரில் வேறு இடங்கள் பலவுண்டு. குளிர்ந்த உயரத்தில் மெல்லப் பழுத்த கொட்டையின் இலேசான புளிப்பையும் மணத்தையும், அதை விளைவித்தவருடைய கடையிலேயே சுவைப்பது வேறு அனுபவம்.

அவர்களுடைய கவலை அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 1869இல் இலங்கையில் தோன்றி, அங்கிருந்த காப்பித் தோட்டங்களை அழித்து, அவற்றில் உழைத்த தமிழரின் வாழ்வையும் அலைக்கழித்த அதே இலைத்துரு நோய், 1981இல் சியாப்பாஸை எட்டியது. 2012க்குப் பின் கடுமையாகத் தாக்கியது. இலைகள் மஞ்சள் தூள் பூத்து உதிர்ந்தன. தந்தையர் நட்ட பழஞ்செடிகளைப் பிடுங்கிவிட்டு, நோய் தாங்கும் நாற்றுகளை மலைச்சரிவில் மீண்டும் ஊன்ற வேண்டியவராயினர் பலர். நட்ட நாற்று முதல் காய் காய்க்க மூன்று ஆண்டுகள் ஆகும்.