டிபரென்சியல் மூடியும் எங்கள் ஊர் காட் ரோடும்

என்னுடைய பிக்கப்புக்குப் பின்னால் ஒரு அலுமினிய மூடி வாங்கி மாட்டலாமா வேண்டாமா என்று இரண்டு மாதமாக வீட்டில் பேச்சு. டென்வரிலிருந்து மலையேறும்போது கேம்பரை இழுத்துக்கொண்டு போகிறோம். ஐசனோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. ஏற்றத்தில் பின்னச்சு எண்ணெய் சூடாகும், இதை மாட்டினால் குளிரும், எண்ணெயும் கூடுதலாகப் பிடிக்கும், அழகாகவும் இருக்கும் என்று வேலையிடத்து நண்பர்கள் சொல்கிறார்கள். "அழகாக இருக்குமா? வண்டிக்கு அடியில் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?" என்றாள் என் மனைவி. அதற்கு என்னிடம் பதில் இல்லை :-)

ஆனால் லாரிக்குப் பின்னால் தெரியும் அந்த உருண்டையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். சந்திரகிரியில் எங்கள் வீடு மதனப்பள்ளி ரோட்டை ஒட்டி இருந்தது. ஒவ்வொரு லாரியின் பின்னாலும், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே, தம்புராவின் குடத்துக்கு இரண்டு பக்கமும் தண்டு வைத்ததுபோல ஒரு அச்சு. அந்தக் குடத்தில் சிலர் பூ வரைவார்கள், சிலர் கண் வரைவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

மாட்டு வண்டிக்கு இந்தக் குடம் தேவைப்பட்டதே இல்லை. அங்கே அச்சு சும்மா கிடக்கும், சக்கரம்தான் அதில் சுழலும். திரும்பும்போது வெளிச்சக்கரம் வேகமாகவும் உள்சக்கரம் மெதுவாகவும் தன்பாட்டுக்குப் போய்விடும். தேருக்கும் அப்படித்தான். எஞ்சின் வந்து இரண்டு சக்கரங்களையும் தானே தள்ள ஆரம்பித்தபோதுதான் வம்பு. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் வளைவில் ஏதாவது ஒன்று தேய்ந்துகொண்டுதான் போகும். பாரிஸில் கடிகாரத் தொழில் செய்த ஒனெசிஃபோர் பெக்கர் என்பவர், நீராவி வண்டி ஒன்றுக்காக இதற்கு வழி கண்டு 1828-ல் காப்புரிமை வாங்கினார். இரண்டு சக்கரத்துக்கும் விசை போக வேண்டும், ஆனால் ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் சுழல வேண்டும். இன்றைய லாரியின் கிரவுன், ஸ்டார் பினியன் எல்லாம் அந்த யோசனையின் பேரப்பிள்ளைகள்.

எங்கள் பக்கத்தில் மலைக்குச் சக்கரம் போனதே சமீபத்தில்தான். சீனிவாச மங்காபுரத்திலிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு, ஏறக்குறைய 2,400 படிகள். சந்திரகிரிக் கோட்டையிலிருந்த விஜயநகர மன்னர்கள் திருமலைக்கு ஏறிய வழி அதுதான் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அலிபிரி வழியும் படிதான். நடக்க முடியாதவர்களுக்கு டோலி. முதல் காட் ரோட்டை 1944 ஏப்ரலில் சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் திறந்து வைத்தார். (அப்போது சித்தூர் ஜில்லா சென்னை மாகாணத்தில். 1911-க்கு முன்னால் நாங்கள் வடஆற்காடு. 2022 முதல் திருப்பதி ஜில்லா. ஊர் நகரவில்லை, விலாசம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது.) உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் மாகாணத்தில் பல பஸ்கள் பின்னால் அடுப்பு கட்டிக்கொண்டு கரி கேஸில் ஓடின. 1974-ல் இரண்டாவது ரோடு வந்தபின் ஏற ஒன்று, இறங்க ஒன்று.

ஊசி வளைவு ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே 6 அடி என்றால், வண்டி முழுக்கத் திரும்பி முடிப்பதற்குள் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட சுமார் 19 அடி கூடுதலாக ஓடியிருக்கும். ஒவ்வொரு வளைவிலும் இப்படி. அந்த 19 அடியைச் சத்தமில்லாமல் சமாளிப்பது குடத்துக்குள் இருக்கும் பல்சக்கரங்கள். அவை எரியாமல் இருப்பது எண்ணெயால்.

இனி மூடிக்கு வருகிறேன். உலகத்தில் பின்னச்சு பெரும்பாலும் இரண்டு ஜாதி. ஒன்று பாஞ்சோ. கிரவுன் செட் முழுவதையும் முன்பக்கமாக எடுத்துவிடலாம், பின்பக்கக் குடம் அச்சோடு சேர்த்து வெல்டிங் செய்தது. நம் லாரிகள் பெரும்பாலும் இந்த ஜாதி. ஜாம்ஷெட்பூரில் 1954-ல் டாடா மெர்சிடிஸ், எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் ஆரம்பித்து 1955-ல் அசோக் லேலண்ட் என்று லாரிகள் பெருகின. 1981-ல் டி.வி.எஸ். குழுமம் அமெரிக்க ஈட்டன் கம்பெனியோடு சேர்ந்து ஆக்சில்ஸ் இந்தியா தொடங்கி, ஸ்ரீபெரும்புதூரில் இந்த ஹவுசிங்கையே தொழிலாகச் செய்தது. இன்னொரு ஜாதி சாலிஸ்பரி. நியூயார்க் மாநிலத்து ஜேம்ஸ்டவுனில் இருந்த அச்சுக் கம்பெனியின் பெயர் அது, 1919-ல் ஸ்பைசர் கம்பெனி அதை வாங்கியது. இதில் பின்னால் இருப்பது போல்ட் போட்ட ஒரு தகட்டு மூடி. அதைக் கழற்றித்தான் உள்ளே கைவைக்க வேண்டும். அமெரிக்க பிக்கப்புகள் பலவற்றில் இதுதான்.

போல்ட் போட்ட எதையும் மாற்றாமல் இருக்க இந்த ஊர்க்காரர்களால் முடியாது. பல வண்டிகளில் கம்பெனி மூடிக்கு அடியில் டிரெயின் பிளக் கிடையாது. எண்ணெய் மாற்ற மூடியையே பிரித்து, தரையெல்லாம் கொட்டி, துடைத்து, சிலிகான் தடவி மூட வேண்டும். அதற்கு அலுத்துப்போய், பிளக் வைத்த தடித்த அலுமினிய மூடிகளை வாங்க ஆரம்பித்தார்கள். பிறகு அதற்கு விசிறி மாதிரி தகடுகள் வந்தன, கூடுதல் எண்ணெய் வந்தது, பின்பக்கம் தட்டையாகி முரட்டுத் தோற்றமும் வந்தது. நம் லாரிக் குடத்துக்கு அடியில் அந்தப் பிளக் முதலிலிருந்தே உண்டு என்பதைச் சொன்னால் இங்கே நம்ப மாட்டார்கள்.

2010களின் கடைசியில் கலிபோர்னியாவின் கேல் பேங்க்ஸ் என்ற எஞ்சின் நிபுணர் ஒரு காரியம் செய்தார். மூடிகளில் கண்ணாடிபோலத் தெரியும் பாகம் வைத்து, அச்சைச் சுழலவிட்டு, உள்ளே எண்ணெய் எப்படி ஓடுகிறது என்று படம் பிடித்தார். கிரவுன் சக்கரம் அடியில் எண்ணெயில் மூழ்கிச் சுழல்கிறது. எண்ணெயை அள்ளிப் பின்பக்கமாக மேலே வீசுகிறது. உருண்டையான மூடி என்றால் எண்ணெய் அந்த வளைவோடு வழுக்கிக்கொண்டு மேலே போய், முன்னாலிருக்கும் பினியன் பேரிங்குக்கு வந்து சேர்கிறது. தட்டையான மூடி என்றால் சுவரில் மோதிச் சிதறி, நுரைத்து, திரும்ப சக்கரத்தின்மேலேயே விழுகிறது. எண்ணெய் கூடினாலும் கடைந்து கடைந்து சூடுதான் ஏறுகிறது. அவரும் மூடி விற்கிறவர்தான், அதனால் அவர் சொல்லை ஒரு சிட்டிகை உப்போடுதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் கண்ணால் பார்த்த எண்ணெய்க்கு வியாபாரம் தெரியாது.

அந்தப் படத்தைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் 1986.

சித்தப்பாவிடம் ஒரு பழைய லாரி இருந்தது. மதனப்பள்ளியிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு பீலேர், பாகராப்பேட்டை, சந்திரகிரி, புத்தூர், திருத்தணி வழியாகச் சென்னை கொத்தவால் சாவடிக்கு. திரும்பும்போது உப்பு. ஒருநாள் பின்குடத்தில் கல் அடித்து விரிசல். எண்ணெய் கசிந்தது. பட்டறையில் குடத்தையே அறுத்து எடுத்துவிட்டு, கனமான தட்டைத் தகடு வைத்து, சுற்றிலும் பட்டை கட்டி டப்பா மாதிரி வெல்டிங் செய்து கொடுத்தார்கள். "இனி பாறாங்கல் அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்று சித்தப்பா ஊரெல்லாம் காட்டினார். நானும் அதைத் தட்டிப் பார்த்தேன்.

நான்கு மாதம் ஆகியிருக்கும். உப்பு லோடோடு பாகராப்பேட்டை காட் ஏறும்போது பினியன் பேரிங் எரிந்து இறுகி, கிரவுன் பல் உடைந்து, லாரி வளைவிலேயே நின்றுவிட்டது. ஏற்றத்தில் அச்சின் மூக்கு மேலே நிமிர்ந்திருக்கும். எண்ணெய் பின்னால் தேங்கும். பினியனுக்குக் கிரவுன் வீசும் எண்ணெய்தான் கதி. இதெல்லாம் இப்போது சொல்கிறேன், அன்றைக்கு யாருக்குத் தோன்றியது? கிளீனர் பையன் எண்ணெய் பார்க்கவில்லை என்று முடிவாயிற்று. பதினாறு வயது இருக்கும் அவனுக்கு. எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் படுத்துக்கொள்வான். மூன்று மாதச் சம்பளப் பாக்கியைக்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். தக்காளி சீசன் போயிற்று, தவணை நின்றது, தை மாதத்துக்குள் லாரியும் போயிற்று.

தகடுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பழைய பேரிங், அதிக பாரம், எத்தனையோ இருக்கலாம். ஆனால் எண்ணெய் அளவாக இருந்தும் எரிய வழி உண்டு என்று இப்போது தெரிகிறது.

போன சனிக்கிழமை என் வண்டியின் மூடியைக் கழற்றினேன். கியர் எண்ணெயின் அந்தக் கந்தக வாடை மூக்கில் ஏறியதும் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது. துடைத்து, அதே பழைய உருண்டைத் தகட்டையே திரும்ப மாட்டி, புது எண்ணெய் ஊற்றினேன். கை கழுவிவிட்டு ஊருக்கு போன் போட்டேன். சித்தப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. உருண்டை, தட்டை, எண்ணெய் வீசுவது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை "சித்தப்பா" என்றேன்.

"எண்ணெ பாத்தேன்னு மலையைப் பாத்துக் கும்பிட்டுச் சொன்னான்டா அவன்" என்றார்.